சோலார் ஹீட்டரின் காற்றுக் குழாயில் மூடி இருக்கிறதா?

மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இன்றே மேலே ஏறி, வெந்நீர்த் தொட்டியின் மேல் நிமிர்ந்து நிற்கும் குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது அடைபட்டிருந்தது. அடைத்தவர் ஹீட்டரைப் பொருத்த வந்தவரே.

பொருத்திய மறுநாள் அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஹீட்டருக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைவிடக் காற்றுக் குழாய் உயரமாக இருக்க வேண்டும். எங்களுடையது ஒரு முழம் குட்டை. இன்னொரு துண்டுக் குழாயை இணைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அவரோ ஒரு மூடியைத் திருகிவிட்டு, "இனி ஒரு சொட்டு வராது, சார்" என்றார். வரவில்லைதான். கெட்டிக்காரர் என்று நானும் மெச்சி, 'வேலை திருப்தி' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்து மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவதற்காகக் காலி செய்தோம். ஹீட்டரில் இருந்த தண்ணீரும் வந்த வழியே திரும்பி இறங்கியது. இறங்கிய தண்ணீரின் இடத்துக்குக் காற்று வர வேண்டும். வெந்நீர்க் குழாய்கள் எல்லாம் மூடியிருந்தன. மிச்சமிருந்த ஒரே வழியில் அவருடைய மூடி. இந்த வகைத் தொட்டியின் உள்தகடு மெல்லியது, அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. உள்ளே வெற்றிடம் உண்டானதும் வெளிக்காற்று அதை நசுக்கிவிட்டது. மறுபடி தண்ணீர் நிரப்பியபோது பற்றவைப்புகளில் கசிந்து, சூடு காக்கும் நுரைப்பஞ்சு முழுவதும் ஊறிப்போயிற்று.

வாரண்டி கேட்டால், "தொட்டியில் குறையில்லை, பொருத்தியதில்தான் தவறு" என்றார்கள். பொருத்தியவர் யார் அனுப்பிய ஆள் என்றால், அவர் ஒப்பந்தக்காரராம். நான் போட்ட கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

பிரித்துப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை என்று முன்பு முறையிட்டபோதெல்லாம் மேகத்தின் மேல் பழி போட்டார்கள். கண்ணாடிக் குழல்கள் இரட்டைச் சுவர் கொண்டவை. நடுவே இருக்கும் வெற்றிடம்தான் பிடித்த சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. வெற்றிடம் போய்விட்டால் அடிமுனையின் வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். எங்கள் குழல்களில் இரண்டு வெளுத்திருந்தன. அதைத் தூசி என்று நினைத்து நான் துடைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன்!

காற்றுக் குழாயின் உயரத்தை அளந்து பார்க்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மூடியை நான் தூக்கி எறியவில்லை. புகார் மனுவோடு அதன் படத்தையும் இணைத்திருக்கிறேன்.