ஐரோப்பிய ராப் கேட்க நினைப்பவர்களுக்கு: ஐயாம் குழுவின் 1997 ஆல்பம்

மொழி தெரியாமல் ராப் கேட்டு என்ன பயன் என்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, பிரான்சின் மார்செய் நகரத்து ஐயாம் குழுவின் 'லெக்கோல் து மிக்ரோ தார்ஜான்' ஆல்பத்தைத்தான். நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போங்கள். ஏறக்குறைய 9 நிமிடம், பல்லவியே கிடையாது. குழுவின் ராப்பர் ஷுரிக்கன் ஆரம்பிக்கிறார், பாதியில் இன்னொரு ராப்பர் அகெனாத்தோன் வாங்கிக்கொள்கிறார். பின்னால் ஒரே இசைத்துணுக்கு விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மார்செய் குடியிருப்புகளின் வறுமையும் போதைமருந்தும் சிறையும்தான் பொருள். அது புரிவதற்கு முன்பே அந்தக் குரல்களின் களைப்பு நம்மைத் தொட்டுவிடுகிறது.

பிரெஞ்சில் அழுத்தம் பெரும்பாலும் சொற்றொடரின் கடைசியில்தான் விழும். அதனால் வரி வழுக்கிக்கொண்டே போய் முடிவில் வந்து நிற்கிறது. ஜெர்மன் ராப் அப்படியில்லை, மெய்யெழுத்துகளே தாளம் தட்டும். அதற்கு ஹைடல்பர்க் நகரத்து 'அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி' குழு நல்ல தொடக்கம். ஜெர்மன் பாஸ்போர்ட் கையில் இருந்தும் அந்நியராகவே பார்க்கப்படுவதை 1992லேயே பாடியவர்கள்.

ஐயாம் ஆல்பத்தில் ஒரு குறை: நீளம் அதிகம், நடுவில் சில பாட்டுகள் ஒரே சாயலில் கேட்கின்றன. ஆனாலும் ஒரு பாட்டைக்கூடத் தள்ளிவிடாமல் கேளுங்கள். அப்புறம் வரிகளைத் தேடிப்பிடித்து, படித்துக்கொண்டே இன்னொரு முறை.