கிக்கர் இல்லாத பைக்குக்குக் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

செல்ஃப் பட்டனை அழுத்தினால் ரிலே மட்டும் 'டக் டக் டக்' என்று அடிக்கிறது, மீட்டர் அணைந்து அணைந்து எரிகிறது என்றால் பேட்டரி டவுன். கிக்கர் இருக்கும் வண்டியில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் கேடிஎம் டியூக்கில் கிக்கரே கிடையாது. 2021-இல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இலும் எடுத்துவிட்டார்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்றால், 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததிலிருந்து பெரும்பாலான வண்டிகள் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், இசியு (இன்ஜினை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்) மூன்றுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் இரண்டாவது கியரில் தள்ளி கிளட்சை விட்டுக் கிளப்பிவிடலாம். சாவி போட்டும் பம்பின் 'உய்ய்ங்' சத்தம் கேட்கவில்லை என்றால் தள்ளுவது பெரும்பாலும் வீண் உழைப்புதான்.

அந்த நேரத்துக்கு என்று விற்பதுதான் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர். டவுனான பேட்டரிக்குப் பதிலாக செல்ஃபுக்குக் கரண்ட் கொடுப்பது அதன் வேலை. கொஞ்சம் தடித்த பவர் பேங்க் அளவு, கூடவே சிவப்பு, கறுப்பு கிளிப் வைத்த குட்டைக் கேபிள். பெயர்கள் பல இருந்தாலும் பலவற்றின் உள்ளமைப்பு ஒன்றுதான். அதனால் ஒரு பிராண்டை மட்டும் எடுத்துப் பேசாமல், இந்த வகைச் சாதனத்தையே இங்கே பார்க்கிறோம்.

முதலில் பெட்டியின் மேல் இருக்கும் எண்கள். '12,000 எம்ஏஎச்' (கொள்ளளவின் அலகு; 1,000 எம்ஏஎச் ஒரு ஏஎச்) என்று போட்டிருப்பது பெரும்பாலும் மூன்று 4,000 எம்ஏஎச் செல்களின் கூட்டுத்தொகை. அந்த மூன்றும் சீரீஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) இருப்பதால், சராசரி 11.1 வோல்ட்டில் கையில் கிடைப்பது 4 ஏஎச் மட்டுமே. அதற்காக ஏமாற்றம் வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியரை 3 விநாடி இழுத்தாலும் செலவாவது 0.1 ஏஎச்சுக்கும் குறைவு. ஆகவே பைக்குக்கு இந்தக் கொள்ளளவு தாராளம். '1000 ஆம்பியர் பீக்', '2000 ஆம்பியர் பீக்' என்ற சண்டையும் கார்களுக்கானது. கண் இமைக்கும் நேரம் மட்டும் வரும் உச்ச அளவு அது. பைக்குக்கு அதைப் பார்த்துக் காசைக் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

பார்க்க வேண்டியது கிளிப்பையும் கேபிளையும்தான். கார் பேட்டரியில் கட்டைவிரல் கனத்துக்குக் கம்பம் இருக்கும், கிளிப் கப்பென்று பிடிக்கும். பைக் பேட்டரியில் அப்படி எதுவும் இல்லை. ஒரு சின்ன போல்ட் தலை, அதன் கீழ் வளையம் வைத்த வயர், ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் சுவர். ஒரு விரல் நுழையும் இடத்தில் இரண்டு அங்குல அகல வாயுள்ள கிளிப்பைத் திணித்தால், பல்லின் நுனி மட்டும் போல்ட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். செல்ஃப் அடித்ததும் அந்த நுனி சூடாகும், வோல்ட் விழும், கிளிப் வழுக்கிச் சேஸிஸில் போய் உரசும். 'ஜம்ப் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை' என்று சொல்லப்படுவதற்குப் பல நேரம் காரணம் இந்தப் பிடிப்பின் குறைதான். மெல்லிய மூக்குள்ள கிளிப், இரண்டு தாடையிலும் செம்பு, இரண்டையும் இணைக்கும் செம்புப் பின்னல் ஆகியவை இருக்கின்றனவா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு தாடையில் மட்டும் வயர் பிடித்து, மறு தாடை வெறும் தகரமாக இருந்தால் அந்தச் சாதனத்தைத் தொடாதீர்கள்.

இடம் போதாத வண்டியில் சிவப்புக் கிளிப்பை, பேட்டரியிலிருந்து தடித்த வயர் வந்து சேரும் ஸ்டார்ட்டர் ரிலேயின் போல்ட்டில் மாட்டலாம். கறுப்பை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் மாட்டினால் போதும். சார்ஜருக்காகப் பேட்டரியிலிருந்து வெளியே இழுத்துவிடும் மெல்லிய பிளக் வயரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருக்கும் ஃபியூஸ் செல்ஃப் அடித்த நொடியே போய்விடும்.

இனி பூஸ்ட் பட்டன். நல்ல கேபிளின் நடுவே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கிளிப்பை மாற்றி மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து கரண்டைத் தடுப்பது அதன் வேலை. பேட்டரியில் வோல்ட் அடியோடு இல்லாதபோது அந்தப் பெட்டியால் எதிரில் பேட்டரி இருப்பதையே கண்டுகொள்ள முடியாது. அதை மீறி கரண்ட் விடுவதற்குத்தான் பூஸ்ட். பல மாடல்களில் பூஸ்டை அழுத்தியதும் ப்ளஸ் மைனஸ் பாதுகாப்பும் போய்விடும். அந்த நிலையில் மாற்றி மாட்டியிருந்தால் இசியுவும் ரெக்டிஃபையரும் (பேட்டரிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பாகம்) சேர்ந்து போகும். பேட்டரியில் இருக்கும் + குறியை டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்த பிறகே பூஸ்டில் விரல் வைக்க வேண்டும். வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். யாராவது வயர் மாற்றியிருக்கலாம்.

சாவி ஆஃபில் இருக்கும்போதே சிவப்பைப் ப்ளஸில், கறுப்பை இன்ஜின் உலோகத்தில் மாட்டி, கடைசியாகத்தான் கேபிளின் மறுமுனையில் இருக்கும் பிளக்கைச் சாதனத்தில் செருகுங்கள். பச்சை விளக்கு வந்ததும் சாவி ஆன், கில் சுவிட்ச் சரி, நியூட்ரல். பம்பு சத்தம் எழுந்து அடங்கட்டும். எஃப்ஐ வண்டியில் ஆக்சிலரேட்டரைத் திருகாமல் 3 முதல் 5 விநாடி செல்ஃப். பிடிக்கவில்லையா, அரை நிமிடம் விட்டு மறுபடி. மூன்று தடவைக்கு மேல் போகாதீர்கள். அதற்கும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. வண்டி கிளம்பியதும் பிளக்கை முதலில் உருவி, பிறகு கறுப்பு, கடைசியில் சிவப்பு. பல கேபிள்கள் பச்சை விளக்கு வந்து 30 விநாடியில் தானாகவே கரண்டை நிறுத்திவிடும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள். வோல்ட் எகிறி எலக்ட்ரானிக்ஸைச் சுட்டுவிடும்.

இந்தச் சாதனம் கைகொடுக்காத இடங்களும் உண்டு. சாவி போட்டால் விளக்கே இல்லை என்றால் முதலில் மெயின் ஃபியூஸையும் டெர்மினல் போல்ட்டையும் பாருங்கள்; தளர்ந்த போல்ட்டுக்கு ஸ்க்ரூடிரைவர் போதும். விளக்கெல்லாம் பிரகாசமாக எரிந்து ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ரிலேயிலோ மோட்டாரிலோ கோளாறு. சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் மக்கர் செய்தால் செல்ஃப் சத்தமே வராது. பேட்டரியின் பக்கச் சுவர் உப்பியிருந்தால் ஜம்ப் செய்யவே கூடாது. உள்ளே ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தால் மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்டை அந்தப் பேட்டரியே விழுங்கிக் கொதிக்கும்.

வண்டி கிளம்பியதும் வேலை முடிந்தது என்று வீட்டு வாசலில் ஐடிலில் ஓடவிடுபவர்கள் அதிகம். 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். ஐடிலில் கிடைப்பதில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள், அன்று இரவே பேட்டரிக்கு ஸ்லோ சார்ஜ் போடுங்கள். கணக்கு, ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு: 5 ஏஎச் பேட்டரிக்கு அரை ஆம்பியர், 10 முதல் 12 மணி நேரம். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. 12.4-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். இன்ஜினை 4,000 ஆர்பிஎம்மில் வைத்துப் பார்க்கும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 13-ஐயே தொடவில்லை என்றால் ஸ்டேட்டரையும் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் காயில்) ரெக்டிஃபையரையும் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்குவது வீண்.

வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியிலேயே இதைப் போட்டு வைப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது, சீக்கிரம் உப்பும். தோள்பையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் ஏற்றுங்கள். மூன்று செல் பேக் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் தரும், பாதிக்குக் கீழே போனால் செல்ஃப் அடிக்கும்போது துவண்டுவிடும். ஜம்ப் செய்த கையோடு சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள்.

கிக்கர் இல்லாத எஃப்ஐ வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் நெடும்பயணம் போகிறவர்கள், தாராளமாக வாங்கலாம். கிக்கர் உள்ள வண்டியில் பேட்டரிக்கு மூன்று, நான்கு வயதாகிவிட்டதென்றால் அதே பணத்தில் புதுப் பேட்டரி போடுங்கள். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக் காரும் உதவும். அதுவும் 12 வோல்ட்தான், ஜம்பர் கேபிள் மட்டும் இருந்தால் போதும். காரின் இன்ஜின் ஆஃபில் இருக்க வேண்டும்.