பத்மினி சூடாகுதுன்னு விட்டு ₹23,400 போச்சு – வேலூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

₹23,400. வேலூரில் பழைய கார்களுக்கென்றே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப் இந்தத் தொகையை வாங்கியது. டிராஃபிக்கில் மட்டும் சூடான என் பிரீமியர் பத்மினி கார் இப்போது ஹைவேயிலும் கொதிக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதால் கடைப் பெயர் இங்கே வராது. என்னென்ன செய்தார்கள், அது எப்படி வெளியே வந்தது, வண்டி விடும் முன் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் எல்லாம் எழுதுகிறேன்.

முதலில் கோளாறு. கிரீன் சர்க்கிளில் நின்றாலோ, காட்பாடி மேம்பாலத்தில் முதல் கியரில் ஊர்ந்தாலோ எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறும். ஹைவேயில் ஏறி 60-ல் போனால் தானாக இறங்கிவிடும். இது தெரிந்தவர்களுக்கு அரை நிமிடத்தில் புரிகிற விஷயம். ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது ஃபேன் அந்த வேலையைச் செய்யவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா, ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்கிறதா, இக்னிஷன் டைமிங் (ப்ளக் பொறி விடும் நேரம்) பின்னால் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைக்க வேண்டும். ஹைவேயில் வேகம் கூடக் கூட சூடானால்தான் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகப்பட வேண்டும்: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், பம்ப் உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ்.

அந்தக் கடை மெக்கானிக் விஷயம் தெரிந்தவர் மாதிரியேதான் பேசினார். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தார். கழுத்துக்குள் டார்ச் அடித்து, ட்யூப் வாயில் படிந்த வெள்ளைக் காரையை விரலால் சுரண்டிக் காட்டினார். "பாத்தீங்களா சார், நம்ம ஊரு போர் தண்ணி பண்ற வேலை. கோரே மாத்திடலாம்." கோர் என்றால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் ட்யூப்களும் தகடுகளும் சேர்ந்த பகுதி. எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம், ஒருமுறை கொதித்தாலே ஹெட் வளையலாம் என்று அவரே சொன்னார். எல்லாம் சரியான பேச்சு. சுவரில் டார்க் ரென்ச் வேறு தொங்கியது. "வுடுங்க சார், நான் பாத்துக்கறேன். ஏலகிரி பதினாலு வளைவும் ஏசி பஸ் மாதிரி ஏறும்." அந்த இடத்தில் நம்பிக்கை வந்துவிட்டது.

அட்டையில் எழுதிக் கொடுத்த கணக்கு: புது காப்பர் கோர் 9,500. ஹெட் இறக்கி லேத்தில் ஃபேசிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் புது கேஸ்கெட், கூலி சேர்த்து 6,800. புது வாட்டர் பம்ப் 3,200. எலெக்ட்ரிக் ஃபேன் 3,900. மொத்தம் ₹23,400. கடைசியில் கையில் கொடுத்த பில்லில் "பார்ட்ஸ் & லேபர் – 23,400" என்று ஒரே வரி. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது.

வண்டி கைக்கு வந்த பிறகு பள்ளிகொண்டா டோல் தாண்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டது. முன்பு ஹைவேயில் சூடே ஆகாத வண்டி! வேறொரு ரேடியேட்டர் கடையில் இறக்கி, மேல் டேங்கின் ஈயத்தைக் காய்ச்சிக் கழற்றிப் பார்த்தோம். புது கோர் இல்லை. அதே பழைய கோர்தான். காரை அடைத்த ட்யூப்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யாமல், ஒழுகிய ட்யூப்களை வாயிலேயே ஈயம் ஊற்றி மூடியிருக்கிறார்கள். பின்வரிசையில் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது. மேலே கறுப்புப் பெயின்ட்டைத் தடியாக அடித்துப் புதுசு ஆக்கிவிட்டார்கள். மெல்லிய கறுப்புப் பூச்சால் பாதகமில்லை. தடியாக அடித்தால் ஃபின் எனும் மெல்லிய தகடுகளின் இடைவெளியில் இறங்கி அடைத்துக்கொள்ளும், காற்றும் போகாது, சூடும் வெளியேறாது. பிளேடால் சுரண்டினால் புது காப்பர் சிவப்பாகப் பளபளக்கும். இதில் பச்சைக் களிம்புதான் வந்தது.

ஃபேன் இன்னும் கேவலம். ப்ளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். டிசி மோட்டார் என்பதால் திருப்பிச் சுற்றும், பார்ப்பவர்களுக்கு ஃபேன் ஓடுகிற மாதிரிதான் தெரியும். எஞ்சின் பக்கம் இருக்கும் ஃபேன் முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இது உள்ளேயிருக்கிற சூட்டுக் காற்றை முன்னால் தள்ளியது. ஓடும்போது எதிர்காற்றோடு இது மல்லுக்கு நின்றால் ரேடியேட்டர் வழியே காற்று சரியாகப் போகாது. கிரில்லுக்கு முன்னால் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். பேப்பர் ரேடியேட்டரில் ஒட்ட வேண்டும். இங்கே பறந்து வெளியே வந்தது. ரிலேயும் இல்லை, ஃப்யூஸும் இல்லை. 80 வாட் ஃபேன் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும், அதை இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக முறுக்கி எடுத்திருக்கிறார்கள். வயர் உருகி தீப்பிடிக்காததே பெரிது. பெல்ட்டில் ஓடும் பழைய ஃபேனையும் கழற்றிவிட்டார்கள். அந்தப் பிளேடு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

வாட்டர் பம்ப் அதே பழசு, சீல் மட்டும் புதுசு. ஹெட்டையும் இறக்கிப் பார்த்தோம், அது லேத்துக்குப் போகவே இல்லை. ஃபேசிங் செய்த ஹெட்டின் அடிப்பாகம் கண்ணாடி மாதிரி மின்னும். இதில் பழைய கேஸ்கெட்டின் கரித்தடம் வளையமாக அப்படியே இருந்தது, அதன் மேல் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டால், நுழையவே கூடாத 0.05 மி.மீ. தகடு மட்டுமல்ல, 0.15 தகடே நடுவில் நுழைந்தது. அந்த இடுக்கு வழியாக சிலிண்டர் புகை தண்ணீருக்குள் போகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் குமிழி விடாமல் வருவதும், நல்ல மூடி போட்டு ஸ்டார்ட் செய்தால் ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் அதனால்தான்.

எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் நிறுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். "வேலூர் வெயிலுக்கு அது எதுக்கு சார்?" இந்தப் பேச்சை எந்தக் கடையில் கேட்டாலும் உஷாராகிவிடுங்கள். நன்றாக இருக்கும் தெர்மோஸ்டாட் முழுசாகத் திறந்த பிறகு ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்காது. எடுத்துவிட்டால் எஞ்சின் சூடேறத் தாமதமாகும், கார்ப்பரேட்டர் வண்டியில் ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவும். கோளாறா என்று தெரிய, பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சினால் போதும். 82 என்று முத்திரை இருந்தால் அந்த டிகிரி சூட்டில் திறக்க ஆரம்பிக்க வேண்டும், தண்ணீர் கொதிப்பதற்குள் முழுசாகத் திறந்திருக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை அவர்கள் மாற்றவே இல்லை. மொத்த வேலையில் மலிவான பொருள் அது. ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் செத்துப் போயிருந்தது. 7 பிஎஸ்ஐ அழுத்தம் பிடிக்கும் மூடி இருந்தால் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. மூடி செத்தால் 100-லேயே கொதித்து வெளியே தள்ளும், தண்ணீர் குறையும், இன்னும் சூடாகும். பெல்ட்டையும் பார்க்கவில்லை. டைமிங்கைச் சரிசெய்யத் திருப்ப வேண்டிய டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டைமிங் பின்னால் தள்ளியிருந்தால் எரிவது தாமதமாகி, சூடு எக்ஸாஸ்ட் பக்கமும் ஹெட்டிலும்தான் ஏறும். ஆரம்பத்தில் இருந்த கோளாறே இதில் அடங்கியிருக்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு ₹23,400.

போன் செய்தால் முதலில், "அக்னி நட்சத்திரம் சார், வண்டி சூடாவாம ஐஸாவா இருக்கும்?" அடுத்து, "ரன்னிங் ஆவட்டும், செட்டாய்டும்." எது செட்டாகும்? அடைத்த ட்யூப் தானாகத் திறக்குமா? ஈயம் அடைத்த போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பினால் நீலக் கோடு மட்டும் விழுந்தது. நேரில் போனால் "ஓனர் திருப்பதி போயிருக்காரு". ஓனர் வந்த பிறகு, "வேற கடையில கை வெச்சிட்டீங்க, இனிமே நாங்க பொறுப்பு கெடையாது. ஈயம் அவங்க ஊத்தினதாக்கூட இருக்கலாம்." டேங்கைத் திறக்கும் முன்பிருந்து எடுத்த வீடியோ இருக்கிறது என்றதும் சுருதி மாறியது. "₹2,000 தர்றேன், விஷயத்த இத்தோட வுடுங்க." ₹23,400 வாங்கியவர் ₹2,000 தருகிறாராம்!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

கழற்றிய பழைய பார்ட் எல்லாம் திரும்ப வேண்டும் என்று வண்டி விடும்போதே எழுதி வாங்குங்கள். கோர் மாற்றினால் பழைய கோர், பம்ப் மாற்றினால் பழைய பம்ப். கொடுக்க மாட்டேன் என்றால் அங்கே விடாதீர்கள்.

ரேடியேட்டரில் ஆணியால் ரகசியமாக ஒரு கோடு போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள்.

ஹெட் ஃபேசிங் என்றால் லேத் கடை எதுவென்று கேட்டு, ஹெட் அங்கே இருக்கும்போதே போய்ப் பாருங்கள்.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். பேட்டரிக்கு விடும் டிஸ்டில்டு வாட்டர் 70 பங்கு, கூலன்ட் 30 பங்கு போதும். நம் ஊரில் உறைபனிப் பயம் இல்லை, சூட்டைச் சுமப்பது தண்ணீர்தான். கூலன்ட் துருவைத் தடுப்பதற்காக. வெறும் தண்ணீரில் அலுமினிய ஹெட் அரித்துப் போகும்.

சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள்.

பில்லில் ஒவ்வொரு பொருளும் தனி வரியாக வரட்டும். அந்த அட்டையை நான் போட்டோ எடுத்து வைத்திருப்பதால்தான் புகாருக்கு ஏதோ ஆதாரம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு, ₹5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ₹23,400-க்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி அடிபட்ட வேறு பத்மினிக்காரர்கள் வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இருந்தால், கழற்றிய கோரைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். அதுவும் சாட்சிக்கு ஆகும்.