துப்பாக்கிப் பூட்டுகள்: கேபிளா, கவ்வியா, கைரேகைப் பெட்டியா?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு என்று பேச்செடுத்தாலே வாங்குபவரின் பின்னணிச் சோதனை, ரைஃபிள் தடை, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் இரண்டாம் சட்டத்திருத்தம் என்று வாதம் ஓடத் தொடங்கிவிடும். வீட்டுக்குள் துப்பாக்கி எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பேசுவோர் குறைவு. 2021-இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அவர்களில் பதின்வயதினர் என்றால், கையில் எடுத்த துப்பாக்கி பெரும்பாலும் வீட்டுப் பெரியவருடையதாகவே இருக்கிறது. அதனால் பூட்டைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

முதலில் கேபிள் பூட்டு. பல காவல் நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ பெட்டியோ சேர்த்துத் தர வேண்டும் என்று 2005-இன் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. வாங்கியவர் அதைப் பூட்டியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

பூட்டும் முறை முக்கியம். மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டைக் கழற்றுங்கள். ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பகுதியை) பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அறை காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு கேபிளை மேலே வெற்றுத் தோட்டா வெளியேறும் வாய் வழியாக விட்டு, கைப்பிடிக்குள் மேகசின் நுழையும் துளை வழியாக வெளியே எடுத்துப் பூட்டுங்கள். இப்போது மேகசினும் நுழையாது, ஸ்லைடும் முழுதாக மூடாது. ரிவால்வரில் தோட்டா போடும் உருளையை வெளியே சாய்த்து, அது உட்காரும் சட்டக இடைவெளி வழியே கேபிளைக் கோக்க வேண்டும். பலர் செய்யும் தப்பு, விசையை (டிரிகரை) சுற்றியுள்ள காப்பு வளையத்தில் மட்டும் சுற்றிப் பூட்டுவது. அப்படிச் செய்தால் தோட்டா போடவும் முடியும், சுடவும் முடியும். நல்ல கம்பிவெட்டி இருந்தால் கேபிளை வெட்டிவிடலாம் என்பதால் திருடனுக்கு இது தடை இல்லை. சின்னக் குழந்தையின் கைக்கும், மனம் உடைந்த ஒரு கணத்துக்கும் தடை. அந்தக் கணம் பெரும்பாலும் கடந்துபோகக் கூடியது.

விசையை இரண்டு பக்கமும் கவ்வும் பூட்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தோட்டா இருக்கும் துப்பாக்கியில் மாட்டினால், மாட்டும்போதோ கழற்றும்போதோ உள்ளே இருக்கும் முளை விசையை அழுத்திவிடலாம். வளையத்துக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் இடைவெளியில் ஆட்டி ஆட்டியே விசையைத் தொட்டுவிடலாம். பூட்டு மாட்டியிருக்கும்போதே தோட்டா நிரப்பவும் முடியும்.

"ராத்திரி திருடன் வந்தால் சாவியைத் தேடிக்கொண்டிருப்பதா?" என்பது நியாயமான கேள்விதான். தலைநகர் வாஷிங்டனில் வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டியோ பிரித்தோ வைக்கச் சொன்ன விதியை 2008-இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் செல்லாதாக்கியதும் தற்காப்பைக் காரணம் காட்டித்தான். அந்தக் கேள்விக்கான விடை, சட்டென்று திறக்கும் சிறு பெட்டி.

கைரேகைப் பெட்டி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 2023 அக்டோபரில் சுமார் 61,000 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. உரிமையாளர் தன் ரேகையைப் பதியும் வரை அவை யார் விரல் வைத்தாலும் திறந்தன. பதிந்துவிட்டதாகவே உரிமையாளர்கள் நம்பியிருந்தார்கள். அப்படி ஒரு பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்ததாக ஒரு வழக்கும் உண்டு. அதனால் துப்பாக்கியை உள்ளே வைக்கும் முன் காலிப் பெட்டியில் பதியாத விரல்கள் ஒவ்வொன்றையும், வீட்டில் வேறு இரண்டு பேரின் விரல்களையும் வைத்துப் பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகும் இதையே செய்யுங்கள். ஈரக் கையில் திறக்காமல் போவது இன்னொரு தொல்லை. மலிவான மின்பூட்டுகளில் சில, பெட்டியை ஓங்கித் தட்டினாலே திறந்துகொள்கின்றன.

எங்கள் தேர்வு, ஐந்து பொத்தான் உள்ள இயந்திரப் பூட்டுப் பெட்டி. பேட்டரி கிடையாது. இருட்டில் விரல் தடவியே திறக்கலாம். குறை ஒன்று உண்டு: பொத்தான் சேர்க்கைகள் ஆயிரத்துச் சொச்சம்தான், தப்பாக அழுத்தினாலும் பூட்டு முடங்காது. பொறுமையுள்ள பையன் உட்கார்ந்து முயன்றால் திறந்துவிடலாம். தயாரிப்பாளர் அமைத்து அனுப்பும் சேர்க்கையை முதல் நாளே மாற்றுங்கள். தகடு 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. திருகாணியால் தரையிலோ கட்டிலிலோ இறுக்காத பெட்டியைத் திருடன் பெட்டியோடு தூக்கிப் போவான்.

சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் தெரிந்திருக்கும். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் எந்தப் பெட்டியும் போதாது. சட்டம் அனுமதிக்கும் வழியில் துப்பாக்கியைச் சில காலம் வீட்டைவிட்டு வெளியே வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்தால் எந்நேரமும் பேச ஆள் உண்டு.