மாதிரித் துண்டைக் கொடுத்தும் ஏமாந்த கதை

பழைய வீட்டில் இரண்டு கதவு நிலைகளைச் சுற்றியிருந்த மர மோல்டிங்கை, அதாவது அலங்கார மரச்சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. "ஒரு துண்டு கொடுங்கள், அச்சு அசலாக இழைத்துத் தருகிறோம்" என்றார் மரப்பட்டறைக்காரர். அந்த வடிவத்தை மரத்தில் செதுக்கும் இயந்திரத்துக்குப் புதிய கத்தி செய்வதற்கென்று தனித்தொகை கேட்டார். வேலைக்கான பணத்தோடு சேர்த்து முன்னதாகவே கொடுத்துத் தொலைத்தேன்.

பழையதன் மேல்விளிம்பில் கூரான ஒரு வரி, அதன்கீழ் எஸ் போல வளைந்து இறங்கும் பகுதி, அடியில் மணி உருண்டை. வந்து சேர்ந்ததில் வரி மழுங்கியிருந்தது, வளைவு தட்டையாகக் கிடந்தது. நான் கொடுத்த துண்டில் ஏழெட்டுப் பூச்சுப் பெயின்ட் பள்ளங்களை அடைத்திருந்தது உண்மை. அதைச் சுரண்டிவிட்டு, குறுக்கே அறுத்த முகத்தைப் பார்த்துத்தான் கத்தியைத் தீட்ட வேண்டும். அவரோ கத்தியே செய்யவில்லை. காட்டச் சொன்னபோது, "கையிருப்பில் இருந்ததே ஏறக்குறைய அதுதான்" என்றார். அந்த 'ஏறக்குறைய'வுக்கா தனித்தொகை?

கனமும் பொருந்தவில்லை. பழையது 25 மில்லிமீட்டர், புதியது 19. பக்கத்தில் வைத்தால் ஒரு படிக்கட்டே தெரிகிறது. பின்னால் பிளைவுட் வைத்து உயர்த்தச் சொன்னார்.

"பெயின்ட் அடித்தால் தெரியாது" என்ற பேச்சை நம்பி ஒரு கதவுக்கு அடித்தும் பார்த்தேன். மோல்டிங்கின் அழகே நிழலில்தான் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் பழையதில் கோடாக நின்ற நிழல் புதியதில் மங்கிக் கரைந்தது.

இரண்டு மாதத்தில், 45 டிகிரியில் சாய்வாக அறுத்து இணைத்த மூலைகள் உட்பக்கமாக வாய் பிளந்தன. மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது அற்பம். அதனால் மூலை உள்ளே திறக்கிறது. ஈரமானி கடன் வாங்கி வைத்துப் பார்த்தேன். பழைய மரம் 10 சதவீதம், மிஞ்சிக் கிடந்த புதிய துண்டு 17. எடுத்துவந்த அன்றே இதைச் செய்திருக்க வேண்டும். மொத்தத்தையும் இழைக்கும் முன் ஒரு சாண் நீளத்துக்கு ஓட்டிக் காட்டுங்கள் என்றும் கேட்டிருக்க வேண்டும். நீங்களாவது கேளுங்கள், மறுக்கிற பட்டறை என்றால் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என் துண்டு திரும்பவில்லை. தொலைந்துவிட்டதாம். இரண்டாவது கதவு மொட்டையாக நிற்கிறது.