டீசல் ஒழுகலுக்கு 9,400 ரேண்ட்: டர்பன் சொந்தங்களே, உஷார்!

டர்பனில் பழைய டீசல் கார் வைத்திருக்கிற நம் ஆட்கள் அத்தனை பேரும் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். என்ஜினில் டீசல் ஒழுகுகிறது என்று வண்டியை விட்டேன். 9,400 ரேண்ட் வாங்கிக்கொண்டு, ஒழுகின இடத்தைத் தொடக்கூட இல்லாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் போடப் போவதில்லை. ஊருக்குத் தெற்கே தொழிற்பேட்டைச் சந்து ஒன்றில், டீசல் பம்ப் வேலைக்கென்றே போர்டு மாட்டியிருக்கிற இடம். நீங்கள் என்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி 1984 மாடல் மெர்சிடிஸ் 240டி, இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே ஈஸ்ட் லண்டன் என்கிற ஊரில் அசெம்பிள் ஆனது. சாட்ஸ்வொர்த்தில் என் மாமனார் வைத்து ஓட்டியது. நாலு சிலிண்டர், டீசலை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற மூக்குகள்) அனுப்புகிற பாஷ் இன்லைன் பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒழுங்காக டீசல் போய்ச் சேர்ந்தால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் ஆக இழுத்தது, உள்ளே உட்கார்ந்தால் டீசல் வாடை, நிறுத்தின இடத்தில் தரையில் ஈரம். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ரோட்டில் டீசல் சொட்டினால் பின்னால் பைக்கில் வருகிறவன் கதி என்ன? அந்தப் பயத்தில்தான் உடனே கொண்டுபோனேன்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரிய முருகன் படம், புதுப் பூ போட்டிருந்தது. ஓனர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "வணக்கம் அண்ணா" என்று தமிழில் ஆரம்பித்தார். பாட்டி வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள் என்றார், கிளேர்வுட் கோயிலில் காவடி எடுத்த கதையைச் சொன்னார். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, பம்ப்புக்கு அடியில் விரலை வைத்து எடுத்துக் காட்டினார். விரல் பளபளவென்று ஈரம். "பம்ப் சீல் போயிடுச்சு அண்ணா. இப்போ வர்ற டீசல்ல கந்தகம் கம்மி, அந்தக் காலத்து ரப்பர் தாங்காது."

அது பொய் இல்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. 2006இல் இந்த நாட்டில் டீசலில் கந்தகத்தை 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) அளவுக்குக் குறைத்தார்கள், 50 பிபிஎம் டீசலும் வந்தது. கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறும்போது பழைய பம்ப்புகளில் சீல் சுருங்கிக் கசிவது எல்லா ஊரிலும் நடந்ததுதான். உண்மையான விஷயத்தைச் சொல்லியே என்னிடம் 5,000 அட்வான்ஸ் வாங்கினார். வண்டியை எடுக்கும்போது மீதி 4,400. பில்லில் பம்ப் ஓவர்ஹால், சீல் கிட், டெஸ்ட் பெஞ்ச் (பம்ப்பைக் கழற்றி மாட்டிச் சோதிக்கிற மெஷின்), டைமிங் என்று வரிசையாக எழுதியிருந்தது. பம்ப் புது வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது.

மறுநாள் காலையிலேயே தரையில் அதே ஈரம்.

போன் செய்தால், "புது சீல் செட் ஆகணும் அண்ணா, ஓட்டுங்க." அப்புறம், "திங்கக்கிழமை கொண்டு வாங்க." திங்கட்கிழமை போனால் ஓனர் இல்லை, வெளியே போயிருக்கிறாராம். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அடுத்து, கரன்ட் கட்டாம், டெஸ்ட் பெஞ்ச் ஓடவில்லையாம். பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. கடைசியில் அகப்பட்டபோது 'அண்ணா' போய்விட்டது. "பழைய வண்டி சார், ஒரு இடத்தை அடைச்சா இன்னொரு இடத்துல ஒழுகும். நாங்க என்ன செய்றது?" 9,400 ரேண்ட் கொடுத்தவனுக்கு இதுதான் பதில்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கரும்புத் தோட்டத்து டிராக்டர், லாரி எல்லாம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டேன். என்ஜின் முழுவதையும் துணியால் ஈரம் போகத் துடைத்தார். அடியில் நியூஸ்பேப்பர் விரித்து, வண்டியை ஐடிலில் விட்டார். "கீழே பார்க்காதே தம்பி, மேலே பார். டீசல் வழிஞ்சு வந்து சேர்ற இடம்தான் பம்ப்."

மீந்த டீசலைத் திருப்பி அனுப்ப இன்ஜெக்டர்களை வரிசையாக இணைக்கிற ரிட்டர்ன் ஹோஸ் இருக்கிறதே, துணி பின்னிய, பென்சிலைவிட மெல்லிய ரப்பர் டியூப், அதில் கடைசித் துண்டு வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் ஒரு துளி மெல்லப் பெருத்து, உருண்டு, பைப் வழியாக இறங்கி நேராகப் பம்ப்பின் பக்கவாட்டில் போய் உட்கார்ந்தது. ஒரு மீட்டர் ஹோஸ், ஒரு அடைப்பான் வாங்கி அவரே மாற்றினார். செலவு நூறு ரேண்டுகூட ஆகவில்லை. ஈரம் நின்றது.

பிறகு பம்ப்பின் தலையில் டார்ச் அடித்துக் காட்டினார். அங்கே சீல் மாற்ற வேண்டுமானால், மேலே பல் பல்லாக இருக்கிற பிடிகளை அதற்கென்றே உள்ள சாக்கெட் போட்டுத் திருக வேண்டும். அந்தப் பல்லிடுக்குகளில் வருடக்கணக்கான கிரீஸ் அழுக்கு கல்லாக இறுகிக் கிடக்கிறது. அதன் மேலேயே வெள்ளி பெயின்ட்! பைப் நட்டுகளில் ஸ்பானர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. பம்ப்பைக் கழற்றவே இல்லை. 9,400 ரேண்ட் ஒரு டப்பா பெயின்டுக்கு!

போட்டோ அனுப்பினேன். உடனே பதில் வந்தது, இந்தத் தடவை மட்டும்: "வேற ஆள் கை வச்சுட்டாங்க, வாரன்டி கிடையாது."

விவரமாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துடைத்து, ஓடவிட்டு, ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று உங்கள் கண்முன் காட்டாதவரிடம் பம்ப்பைக் கொடுக்காதீர்கள். நீங்களே பார்ப்பதானால் இன்ஜெக்டருக்குப் போகிற இரும்பு பைப்பில் விரல் வைக்க வேண்டாம், கசிவு தெரிய ஒரு காகித அட்டையைப் பக்கத்தில் பிடியுங்கள். உள்ளே நூறு பாருக்கு (bar, அழுத்தத்தின் அளவு) மேல் அழுத்தம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எஸ்டிமேட் எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேளுங்கள், 2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கொடுத்தாக வேண்டும். மாற்றிய பாகத்துக்கும் கூலிக்கும் 3 மாத வாரன்டியும் அதே சட்டத்தில் இருக்கிறது. டெஸ்ட் பெஞ்ச் என்று பில் போட்டால் ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்பிவிட்டேன். வாகனத் துறைப் புகார்களை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மனுக்கும் புகார் போகிறது. அதற்கும் மசியவில்லை என்றால், சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். 2019 முதல் 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம். இதே மாதிரி பெயின்ட் அடித்த பம்ப் வேறு யாருக்காவது கிடைத்திருந்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.