பயண முன்பதிவுத் தளங்களில் நம் விவரங்கள் எங்கே தங்குகின்றன, எங்கே கசிகின்றன: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பயண முன்பதிவுத் தளம் ஒன்று பாதுகாப்பானதா என்று பார்க்கும்போது பெரும்பாலோர் பணம் கட்டும் பக்கத்தை மட்டும்தான் கவனிக்கிறார்கள். பூட்டுச் சின்னம் இருக்கிறதா, ஓடிபி வருகிறதா என்று பார்ப்பதோடு சரி. ரயில், விமானம், விடுதி, மலைச் சுற்றுலாத் தலங்களுக்கான இ-பாஸ் என எல்லா வகைத் தளங்களையும் வருடக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிவது இதற்கு நேர்மாறானது. இன்று இந்தியத் தளங்களில் ஓரளவு ஒழுங்காக இருப்பதே அந்தப் பணம் கட்டும் பக்கம்தான். கசிவெல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது: டிக்கெட் உறுதியான மின்னஞ்சலில், விடுதி வரவேற்பு மேசையின் வாட்ஸ்அப்பில், பயணம் முடிந்து பல வருடம் ஆகியும் அழிக்கப்படாமல் கிடக்கும் பாஸ்போர்ட் நகலில்.

கார்டு விஷயம் சீரானது ரிசர்வ் வங்கியின் உத்தரவால். 2022 அக்டோபர் 1 முதல் வணிகத் தளங்கள் கார்டு எண்ணைத் தங்கள் சர்வரில் வைத்திருக்கக் கூடாது. கார்டு கொடுத்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குகளும் மட்டுமே வைத்திருக்கலாம். தளத்திடம் இருப்பது டோக்கன் என்ற மாற்று எண். அது அந்தத் தளத்துக்கும் அந்தக் கார்டுக்கும் மட்டுமே செல்லும் என்பதால், திருடு போனாலும் வேறு இடத்தில் ஓடாது. உங்கள் கணக்கில் ‘சேமித்த கார்டுகள்’ பகுதியைத் திறந்து பாருங்கள். கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் தவிர வேறு எதுவும் தெரியக் கூடாது.

வெளிநாட்டுத் தளங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அப்படியே பொருந்தாது. அறைக்கு உத்தரவாதமாகக் கார்டு விவரத்தை வாங்கி விடுதிக்கே அனுப்பிவிடும் வழக்கம் அங்கே உண்டு. ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கவும் முடியும். வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையை எப்போதும் அணைத்தே வைத்திருங்கள். முன்பதிவு செய்யும்போது மட்டும், அந்தத் தொகைக்கு வரம்பு போட்டுத் திறந்து, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். பூட்டுச் சின்னத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஓர் உதாரணம். 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை அதன் தளத்தில் யாரோ நுழைத்த சில வரி நிரல், பயணிகள் தட்டச்சு செய்த கார்டு எண்ணையும் சிவிவியையும் வேறொரு முகவரிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூட்டு இருக்கத்தான் செய்தது. 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

இனி டிக்கெட் கைக்கு வந்த பிறகு நடப்பதைப் பார்ப்போம். தளங்கள் அனுப்பும் ‘உங்கள் பதிவைப் பார்க்க’ என்ற இணைப்பை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ), உள்நுழையாமல் ஒட்டிப் பாருங்கள். ஒரு நல்ல தளம் அங்கே உங்களை நிறுத்தி ஓடிபியோ பாஸ்வேர்டோ கேட்கும். எதுவும் கேட்காமல் பெயர், வயது, தொலைபேசி எண் எல்லாவற்றையும் விரித்துக் காட்டினால், அந்த இணைப்பைக் குடும்பக் குழுவில் போட்டதும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சில தளங்களில் ரத்தும் செய்யலாம். அந்தத் தளத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால் இணைப்பைப் பகிராமல் பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள்.

இதைவிட மோசமான கோளாறு ஒன்று உண்டு. இணைப்பின் கடைசியில் இருக்கும் பதிவு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் அடுத்தவர் டிக்கெட் திறப்பது. உள்நுழைந்தவர் யார் என்று பார்க்கும் சர்வர், இந்த டிக்கெட் அவருடையதுதானா என்று பார்க்கத் தவறினால் இப்படி ஆகும். ஐஆர்சிடிசி தளத்திலேயே இத்தகைய ஓட்டை இருப்பதை 2021-இல் சென்னைப் புறநகர்ப் பள்ளி மாணவர் ஒருவர் கண்டுபிடித்து, கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தார். சில நாட்களில் அது சரிசெய்யப்பட்டது. பார்த்துவிட்டு அதை வைத்து விளையாடாமல் முறையாகப் புகார் கொடுத்தார் பாருங்கள், அதுதான் சரியான வழி. அடுத்தவர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது சட்டப்படி வம்பு. உங்கள் இரண்டு சொந்தக் கணக்குகளுக்கு இடையே சோதிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டில் ஆறு எழுத்து பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் சேர்ந்தாலே பல விமான நிறுவனத் தளங்களில் உள்ளே போய்விடலாம். பாஸ்வேர்ட் வேலையைச் செய்யும் இந்த இரண்டும் போர்டிங் பாஸிலேயே அச்சாகியிருக்கின்றன. ஆஸ்திரேலிய முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020-இல் தன் போர்டிங் பாஸின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த எண்ணை வைத்து ஒருவர் விமான நிறுவனத்தின் தளத்தில் நுழைந்தார். திரையில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்தபோது அபட்டின் பாஸ்போர்ட் எண்ணும் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருந்தன. கண்டுபிடித்தவர் அதை உரியவர்களிடம் சொல்லிச் சரிசெய்ய வைத்தார். திரையில் காட்டாத விவரத்தையும் சர்வர் உலாவிக்கு அனுப்பிவிடுவது சுற்றுலாத் தளங்களில் இன்றும் பழகிப்போன சோம்பேறித்தனம். போர்டிங் பாஸ் படம் போடத்தான் வேண்டுமென்றால் பெயரையும் பிஎன்ஆரையும் மறைத்தால் போதாது. பார்கோடையும் மறைக்க வேண்டும். அந்த இரண்டும் அதற்குள்ளும் இருக்கின்றன.

இன்று பயணிகளின் பணத்தைக் காவுவாங்கும் வழிகளில் ஒன்று விடுதி வழியாக வருவது. ஒரு தளத்தில் அறை பதிவு செய்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து, அதே தளத்தின் உரையாடல் பெட்டியில், விடுதியின் பெயரிலேயே செய்தி வருகிறது: ‘கார்டு சரிபார்ப்பு முடியவில்லை, 24 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் உறுதிசெய்யாவிட்டால் பதிவு ரத்தாகும்.’ உங்கள் பெயர், தேதி, தொகை எல்லாம் அச்சு அசலாகச் சரியாக இருக்கும். தளத்தின் சர்வரை யாரும் உடைக்கவில்லை. விடுதி ஊழியருக்கு ‘விருந்தினர் புகார்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அவர் கணினியில் வேவு மென்பொருளை இறக்கி, தளத்தில் விடுதி நுழையும் பாஸ்வேர்டைத் திருடிவிடுகிறார்கள். பிறகு விடுதியாகவே உள்ளே உட்கார்ந்து எல்லா விருந்தினர்களுக்கும் செய்தி அனுப்புகிறார்கள். புக்கிங்.காம் பெயரைப் பயன்படுத்தி விடுதிகளைக் குறிவைக்கும் இந்த வகைத் தாக்குதல் பற்றி மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்திருந்தது.

இது புதிதும் அல்ல. 2018 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் 40 விடுதிகளின் ஊழியர்களை ஏமாற்றி, புக்கிங்.காம் அமைப்புக்குள் நுழைந்து 4,109 பேரின் விவரங்களை எடுத்தார்கள். அவர்களில் 283 பேரின் கார்டு விவரம் போனது, 97 பேருக்கு சிவிவியும் சேர்ந்து. நிறுவனத்துக்கு 2019 ஜனவரி 13 அன்று தெரிந்தது. ஐரோப்பியச் சட்டப்படி 72 மணி நேரத்தில் ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொல்லியிருக்க வேண்டும். 22 நாள் தாமதமாக, பிப்ரவரி 7 அன்றுதான் சொன்னது. அந்தத் தாமதத்துக்காக மட்டும் நெதர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் 4,75,000 யூரோ அபராதம் போட்டது.

இங்கே பயணி செய்ய வேண்டியது எளிது. செய்தி தளத்துக்குள்ளேயே வந்திருந்தாலும் அதிலுள்ள இணைப்பில் பணம் கட்டாதீர்கள். விடுதியின் எண்ணை அந்தச் செய்தியிலிருந்து எடுக்காமல் வேறு வழியில் தேடி அழைத்துக் கேளுங்கள். உங்கள் பதிவுப் பக்கத்தில் ‘விடுதியில் பணம் செலுத்தவும்’ என்று இருந்தால், இணைப்பு அனுப்பி முன்கூட்டியே சரிபார்ப்புத் தொகை கேட்பதே சந்தேகத்துக்குரியது. பணம் போய்விட்டால் நேரத்தை வீணாக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

அடையாள அட்டை நகல் விஷயத்தில் இந்திய விடுதிகளும் சிறு ஏஜென்சிகளும் நடந்துகொள்ளும் விதம் கவலை தருவது. ‘ஆதார் இரண்டு பக்கமும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்க சார்’ என்பது வழக்கமாகிவிட்டது. அனுப்பிய படம் வரவேற்பு ஊழியரின் சொந்த போனில் தங்கி, அவருடைய கூகுள் போட்டோஸுக்கும் போய்விடும். அவர் வேலையை விட்டுப் போனால் படமும் கூடவே போகும். விருந்தினரின் அடையாளத்தைப் பதிவுசெய்யும் பொறுப்பு விடுதிக்கு உண்டு, வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அதற்காக ஆதாரின் 12 இலக்கமும் தேவை என்று அர்த்தமில்லை.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், அந்த ஆணையத்தின் பயனர் உரிமம் பெறாத விடுதிகளும் திரையரங்குகளும் ஆதார் நகலை வாங்கி வைக்கக் கூடாது, மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவுறுத்தியது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று கூறி இரண்டே நாளில் அந்த அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அதனால் பலர் மறைத்த ஆதாரே செல்லாது என்று நினைத்துவிட்டார்கள். அது தவறு, அந்த வசதி இன்றும் இருக்கிறது. மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து, ‘ஆதார் பதிவிறக்கம்’ பகுதியில் மறைத்த ஆதார் வேண்டும் என்ற கட்டத்தை டிக் செய்தால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் பிடிஎஃப் வரும். அதைத் திறக்க பாஸ்வேர்ட், ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும். விடுதிக்கு அந்த பிடிஎஃப்பையே பாஸ்வேர்டோடு சேர்த்து அனுப்பினால் பூட்டுக்குப் பயனில்லை, அச்சுப் பிரதி கொடுங்கள். எண் மறைந்தாலும் முகவரி மறைவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அது கியூஆர் குறியீட்டுக்குள்ளும் இருக்கிறது. நகலின் ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம் என்பதால், நடுவில் குறுக்காக, விடுதியின் பெயர், தேதி, ‘தங்குவதற்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறைக்கு வந்த இ-பாஸ் தளம், அரசு நடத்தும் சுற்றுலாத் தளத்துக்கு நல்ல உதாரணம். ஓடிபி போட்டு நுழைந்தால் பெயர், முகவரி, வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் வந்து எந்த நாள் திரும்புவது, எங்கே தங்குவது என்று கேட்கும். போக்குவரத்தை எண்ணிப் பார்க்க வண்டியும் தேதியும் அவசியம்தான். ஆனால் வீட்டு முகவரியும் பயணத் தேதிகளும் ஒரே இடத்தில் சேரும்போது, அது எந்த வீடு எந்த நாட்களில் பூட்டியிருக்கும் என்ற பட்டியலாகிவிடுகிறது. பயணிகளே அந்தப் பாஸின் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதைத் தவிர்க்க வேண்டும். சோதனைச் சாவடியில் போனில் காட்டினால் போதும். இ-பாஸ் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி.

செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. முன்பதிவுச் செயலிக்குத் தொடர்புப் பட்டியலோ மைக்ரோஃபோனோ தேவையில்லை. இருப்பிட அனுமதியை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று வைத்தாலே வேலை நடக்கும். மறந்த பாஸ்வேர்டைக் கேட்டால் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பும் தளம், அதைத் திரும்பப் படிக்கக்கூடிய வடிவிலேயே வைத்திருக்கிறது. அங்கே கணக்கே வேண்டாம்.

கடைசியாக, எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள் என்பது. பெரும்பாலான தளங்கள் சறுக்குவது இங்கேதான். 2021-இல் ஏர் இந்தியா வெளியிட்ட கசிவில், 2011 ஆகஸ்ட் முதல் 2021 பிப்ரவரி வரை பதிவான சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் போயின, பாஸ்போர்ட் தகவல் உட்பட. கசிந்தது அந்த நிறுவனத்துக்காகத் தரவைக் கையாண்ட சீட்டா (SITA) என்ற நிறுவனத்தின் அமைப்பிலிருந்து. பத்து வருடத்துக்கு முன் போய்வந்த பயணத்தின் விவரம் யாருக்கு என்ன பயன்? பயன் இருப்பதாக நினைப்பவர்களும் உண்டு. 2022 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி, பயணிகள் தரவிலிருந்து வருமானம் ஈட்ட ஆலோசகர் தேடி டெண்டர் விட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதம் திரும்பப் பெற்றது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அப்போது ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பெறும் உரிமை இருக்கும் என்பதால், தமிழில் கேட்கலாம். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. செயலியை நீக்கினால் கணக்கு அழியாது என்பதால், நீக்குவதற்கு முன் கணக்கு அமைப்புகளில் ‘கணக்கை அழி’ என்பதைத் தேடுங்கள். கூகுள் பிளேயும் ஆப்பிளும் கணக்கு தொடங்கவிடும் செயலிகளில் அந்த வசதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதற்கும் முன்பு, சேமித்த பயணிகள் பட்டியலில் உள்ள தாத்தா, பாட்டி, நண்பர்கள் பெயர்களையும் பாஸ்போர்ட் எண்களையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். பிறகு தனியுரிமைக் கொள்கையின் அடியில் இருக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே எழுதுங்கள். என்னுடைய எந்தெந்த விவரம் உங்களிடம் உள்ளது, யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேட்டு, அடையாள அட்டை நகல்களை அழிக்கவும், விளம்பர அழைப்புகளை நிறுத்தவும் சொல்லுங்கள்.

பில்களை அழிக்க முடியாது என்று பதில் வந்தால் அது நியாயம். ஜிஎஸ்டி சட்டப்படி அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய நாளிலிருந்து 72 மாதம் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் நகலுக்கும் அதே காரணத்தைச் சொன்னால் ஏற்காதீர்கள், பில்லுக்கு பாஸ்போர்ட் படம் தேவையில்லை என்று திருப்பி எழுதுங்கள். புதிய சட்டப்படி தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போவதற்கு முன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு வழியை முயன்றிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் எழுதிய மின்னஞ்சல், வந்த பதில், புகார் எண் மூன்றையும் தேதியோடு பத்திரப்படுத்தி வையுங்கள்.